முப்பத்தேழு கேள்விக்குறிகள்

அலெக்சி விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடி அடிப்பதற்குள் வீராம்பட்டினத்துத் தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்துவிடும். அந்த வேகத்திலேயே, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து மாண்ட புதுச்சேரிக்காரர்கள் நானூறு பேருக்கும் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் எழுதிவிட்டார். பட்டியலில் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும், அது இணைப்பாகிவிடும். அழுத்தினால் அவருடைய பக்கம் திறக்கும்.

உடல் கிடைக்காதவர்களின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போடுவது அலெக்சி வேலை பார்க்கும் மாஜி ராணுவத்தார் சங்கத்தின் நோட்டுக் காலத்து வழக்கம். அலெக்சியும் போட்டார். அப்படி முப்பத்தேழு பேர். அந்த முப்பத்தேழும்தான் திறக்கவில்லை. 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்றது திரை.

மென்பொருளை எழுதிக்கொடுத்த பூர்ணிமா தட்டாஞ்சாவடியிலிருந்து வந்து பார்த்தாள்.

"கேள்விக்குறி வந்ததும் பேரு அதோட முடிஞ்சிபோச்சுன்னு எடுத்துக்குது சார். அத வேற குறியீடா மாத்தி அனுப்பணும். நாலு நாள் குடுங்க."

"நாலு நாளா? நாளன்னிக்கு கல்லறைத் திருநாளும்மா! சங்கமே வந்து உக்காரும். தொறக்கலன்னா என்னையும் இந்தப் பட்டியல்ல சேத்துடுவாங்க!"

அவள் போனதும் அலெக்சி முப்பத்தேழு குறிகளையும் அழித்தார். எல்லாம் ஜோராகத் திறந்தன. நாட்டையே பிடித்தவர்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலை சங்கத்துக்கு மரீன் வந்தார். எழுபத்தெட்டு வயது. கணவர் மாக்சிம் இந்தோசீனப் போரில் காணாமல் போனபோது மரீனுக்கு இருபத்தைந்து. பாரிசிலிருந்த மகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள்.

"எங்க கெடைச்சாரு அலெக்சி?"

"யாரு மதாம்?"

"யாரா? என் வூட்டுக்காரரு. குறிய எடுத்துட்டியே! எந்த ஊரு கல்லறை? பாஸ்போர்ட்டு கொண்டாந்திருக்கேன்."

அலெக்சி ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

"நான்தான் அழிச்சேன். கம்ப்யூட்டர்ல தொறக்கலன்னு. அவரு... கெடைக்கல மதாம்."

மரீன் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டார்.

"அம்பத்து மூணு வருசமா இல்லாத மனுசன். நேத்து ஒரு ராத்திரி மட்டும் கெடைச்சிட்டுப் போனாரு."

அலெக்சி பட்டியலைத் திரையில் திறந்தார்.

"உன் பொட்டி தொறக்கணும்னா அவரத் தேடறத நிறுத்திடுவியாடா, அறிவு கெட்டவனே? திரும்பப் போடு. இங்கியே உக்காந்திருக்கேன்."

ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிக் குறி விழுகிறவரை மரீன் எழுந்திருக்கவில்லை.

திருநாளன்று பூர்ணிமாவின் வேலை முடியவில்லை. சங்கத்தார் முன்னால் முப்பத்தேழு பெயர்களும் திறக்க மறுத்தன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலெக்சி கணினியை விட்டு எழுந்து நின்று, தாம் எழுதியவற்றை வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். மாக்சிமின் முறை வந்தது.

"மாக்சிம். வயசு இருபத்தெட்டு. எங்க இருக்காருன்னு இன்னும் தெரியல."

மூன்றாம் வரிசையில் மரீன் எழுந்து நின்றார். அடுத்த பெயரைச் சொல்லாமல், அவர் உட்காரும்வரை அலெக்சி காத்திருந்தார்.