கால் மாத்திரை

ரத்த வங்கியில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு ஆபேலின் வயதுதான் இருக்கும். காய்ச்சல் உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்றாள்.

அவன் சற்றுத் தயங்கினான். பொய் சொல்ல நினைத்துத் தயங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்காவின் கணவர் ஜோஸ் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போன பிறகுதான் ஆபேல் தாழ்ந்த குரலில் மாத்திரையின் பெயரைச் சொன்னான்.

"முடிக்கா?"

"ஆமா."

அவள் சிரிக்கவில்லை. அதற்கு அவன் பிற்பாடு பலமுறை மனதுக்குள் நன்றி சொன்னான். "அப்ப எடுக்க முடியாது சார். நீங்க குடுக்குற ரத்தம் யாருக்குப் போவும்னு எங்களுக்குத் தெரியாது. மாசமா இருக்கிறவங்களுக்குப் போய், வயித்துல இருக்கிறது ஆம்பளப் புள்ளையா இருந்தா, அதுக்கு ஆகாது. மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு வாங்க."

ஆபேலின் அப்பா ஞானாபரணம் மேல்மாடி வார்டில் குடல் அறுவைக்காகக் காத்திருந்தார். நோயாளிக்காக உறவினர்கள் ரத்தம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்பது வேலூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வழக்கம். மகன் இருக்கிறான், மருமகன் இருக்கிறார் என்று அப்பா நர்ஸிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

வெளியே வந்த ஜோஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி கேட்டார். "இன்னா மச்சான், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"எடுக்கல மாமா. பிரஷர் ஜாஸ்தியா இருக்காம்."

"உனக்கா? கல்யாணத்துக்கு முன்னாடியே பிரஷரா? எனக்கெல்லாம் அப்புறந்தான் வந்துச்சு."

அந்தச் சிரிப்போடு அது முடிந்துபோனது. சாயங்காலம் அக்கா தேவகிருபை சோற்றுக் கூடையோடு ஆம்பூரிலிருந்து வந்தாள். அவளிடம் பிரஷர் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அம்மா பிரஷரில்தான் ஒரு பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் கிடந்து, போய்ச் சேர்ந்தாள். அக்காதான் பார்த்துக்கொண்டாள். அதனால் அவளிடம், "உடம்புல ரத்தம் கம்மியாம்க்கா" என்றான். அவள் உடனே முருங்கைக்கீரை, ஈரல் என்று பேச ஆரம்பித்தாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அவனோடு வேலை செய்யும் முஜாஹித் வந்து ரத்தம் கொடுத்தான். அவனிடமும் ஆபேல் காரணம் சொல்லவில்லை. முஜாஹித் கேட்கவும் இல்லை. அறுவை நல்லபடியாக முடிந்தது.

ஆபேலுக்கு முப்பத்தோரு வயது. ஷூ மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் குமாஸ்தா. இருபத்தைந்திலேயே நெற்றி மேலேறத் தொடங்கி, பிறகு உச்சியிலும் முடி குறைந்தது. தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதே தண்ணீரில் குளித்த அப்பாவுக்கு முடி மண்டிக் கிடந்தது. "நம்ம ஊருல தோல சுண்ணாம்புத் தொட்டில போட்டு முடிய எடுக்கத்தான் ஆளு இருக்கு தோஸ்த், வளக்க ஆளு ஏது?" என்று முஜாஹித் கேலி செய்வான். ஆபேலும் சிரிப்பான். பெண் பார்க்கப் போன இடங்களில் இருந்து, பையனுக்கு வயது ஜாஸ்தி தெரிகிறது என்று பதில் வந்தபோது மட்டும் அவனால் சிரிக்க முடியவில்லை.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் வேலூருக்கு பஸ் ஏறித் தோல் டாக்டரைப் பார்த்தான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் அவர். சிறிய அளவு மாத்திரை விலை அதிகம். பெரிய மாத்திரையை வாங்கி நாலாக நறுக்கி, தினம் ஒரு துண்டு போட்டுக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் நறுக்கிய கால் மாத்திரையை விழுங்கிவந்தான். கொட்டுவது நின்றது. வேறு மாற்றம் யார் கண்ணுக்கும் படவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நாளைக்கும் இதே முகம் இருக்கும் என்ற ஒரு தைரியம் வந்திருந்தது. பேரணாம்பட்டுக்குப் பிரிஸ்கில்லாவைப் பெண் பார்க்கப் போனது அந்தத் தைரியத்தில்தான்.

அவள் அங்கே பள்ளி ஆசிரியை. அதிகம் பேசாதவள். அவனும் அப்படியே. நிச்சயத்துக்குப் பிறகு பூத்திலிருந்து போன் செய்தால், பாதி நேரம் இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். அந்த மௌனத்தில் அவளுடைய மூச்சு கேட்கும். தனக்கென்று ஒருவர் மறுமுனையில் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் அப்போதுதான் அறிந்தான். கல்யாண அறிவிப்பை இரண்டு ஊர்ச் சபையிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டென்றால் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு இடையில்தான் அப்பாவின் அறுவை வந்தது.

அவளிடமும் அவன் போனில் பிரஷர் என்றே சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை தேவகிருபை பேரணாம்பட்டுக்கு போன் செய்தாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. "தம்பிக்கு ரத்தம் கம்மியாம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் நீதான் பாத்துச் சமைச்சுப் போடணும்" என்று சொல்லத்தான் செய்தாள்.

"பிரஷர்னுதானே சொன்னாரு?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள்.

இரண்டு பெண்களும் ஒரு கணம் பேசவில்லை. பிரிஸ்கில்லாவுக்குப் பின்னால் அவள் அப்பா பாக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷங்களில், ஒருவன் ரத்தத்தை ஆஸ்பத்திரி வேண்டாமென்றது என்றால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்: எய்ட்ஸ். காரணம் இரண்டாகச் சொல்லப்பட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. பாக்கியநாதனுக்கு அதைப் பற்றி ஊரைவிட அதிகம் தெரியும். அவருடைய மூத்த மருமகன் அந்த நோயில்தான் செத்தான். மூத்தவள் ஃபீபி திரும்பி வந்து வீட்டோடு இருக்கிறாள். அவளுக்கு நோய் இல்லை என்று பலமுறை சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆபேலை வரச் சொன்னார். அப்பாவுக்குத் துணையாக அக்காவை வைத்துவிட்டு, அவன் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனான். உண்மையைத்தானே சொல்லப்போகிறோம், அதற்கு ஏன் இத்தனை ஒத்திகை என்று தோன்றியது.

வீட்டில் பாக்கியநாதனோடு அவர் மைத்துனர் இவானும் இருந்தார். அவருக்கு குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப். ஃபீபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். பிரிஸ்கில்லா உள்ளறையின் வாசலில் இருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள," என்றார் பாக்கியநாதன். "ரத்தம் ஏன் எடுக்கல?"

"மாத்திரை சாப்பிடுறேன் மாமா. அதனால எடுக்கல."

"பிரஷர் மாத்திரையா?"

"இல்ல. முடி கொட்டாம இருக்கிறதுக்கு."

எல்லோருடைய கண்ணும் மெல்ல அவன் தலைக்கு ஏறியது. அதில் வெறுப்பு இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போன்ற பார்வை. ஆபேலுக்குக் கை தானாக மேலே போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டான்.

"முடிக்கா?" என்றார் இவான். "எவ்ளோ நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"அப்ப முடி எங்க தம்பி?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இது புதிதாக முளைக்க வைக்காது, இருப்பதைத் தக்கவைக்கும் என்று ஆபேல் விளக்கினான். விளக்க விளக்க, அது அவன் காதிலேயே பொய்யாக ஒலித்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன காரணத்தையும் சொன்னான். முடிந்தவரை நிதானமாகச் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தான். அதுதான் அவனிடமிருந்த ஒரே சாட்சி.

இவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இத நான் கடையில குடுக்கிறேன்பா. வயசானவங்களுக்கு ஒண்ணுக்குப் போறதுல அடைப்பு இருந்தா எழுதித் தர்றது. முடிக்குன்னு ஒருத்தரும் வாங்கினதில்ல."

"பெரிய மாத்திரைய நாலா நறுக்கித்தான் சாப்பிடுவேன். டாக்டர்தான் சொன்னாரு. திங்கக்கிழமை வாங்க, அவர்கிட்டயே கேக்கலாம்."

"கேக்கலாம்," என்றார் இவான். அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இது ஆம்பளத் தனத்தக் கொறைக்கும்னு உள்ள வர்ற தாள்லயே போட்டிருக்கு. அது தெரியுமா உனக்கு?"

தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்குச் சின்ன எழுத்தில் இருந்த அதை ஆபேல் பலமுறை படித்திருந்தான். சிலருக்கு மட்டும் என்று டாக்டர் சொன்னதையும் நம்பியிருந்தான். தான் அந்தச் சிலரில் ஒருவனா இல்லையா என்று, இரண்டு பெண்கள் நிற்கிற ஒரு அறையில் எதை வைத்துச் சொல்வது? அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஆடை படிந்திருந்தது.

சுவரோரத்திலிருந்து ஃபீபி சொன்னாள். "விடுங்கப்பா. அவரு சொல்றது நெசமாத்தான் இருக்கும். வேணும்னா ஒரு டெஸ்ட் எடுத்துடட்டும்."

பாக்கியநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை. "உனக்கும் ஒண்ணுமில்லன்னு டெஸ்ட் சொல்லுச்சேம்மா. அதுவும் நெசந்தான். ஊருல எவன் நம்பினான்? சர்ச்சுல உன் பக்கத்துல இன்னும் யாராச்சும் ஒக்கார்றாங்களா?"

ஃபீபி டம்ளர்களை எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"நான் உங்கள நம்புறேன் மாப்ள," என்றார் பாக்கியநாதன், ஆபேல் பக்கம் திரும்பி. "நெசமா நம்புறேன். ஆனா நாளைக்கு வாசிக்க வேணாம். ரெண்டு ஊர்ப் போதகருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். அப்புறமா பாக்கலாம்."

இரண்டு வாரம் வாசித்த பெயரை மூன்றாவது வாரம் வாசிக்காவிட்டால், அதற்குப் பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். மாத்திரை அட்டையை மேசையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பிரிஸ்கில்லா தெருக்கதவு வரை வந்தாள். எதிர்வீட்டில் யாரோ பீடி இலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஏன் பிரஷர்னு சொன்னீங்க?"

அவன் பேசவில்லை. போனில் அவர்களுக்குள் இருந்த மௌனம் இல்லை இது.

"முடி கொட்டுறது எனக்குத் தெரியாதா? நீங்க குடுத்தனுப்பின போட்டோலயே தெரிஞ்சுது. அதப் பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னேன்."

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்," என்றாள் அவள். "சிரிச்சா இன்னா? அதுக்கப்புறம் உங்க அக்கா போன் பண்ணப்ப, 'ஆமா, எனக்குத் தெரியும், மாத்திரை சாப்பிடுறாரு'ன்னு சொல்லியிருப்பேன். அப்பா பேப்பரைத்தான் படிச்சுட்டு இருந்தாரு. நான் பேசாம நின்னப்பதான் நிமிந்து பாத்தாரு."

அவள் அழவில்லை. பள்ளியில் ஒரு பிள்ளை செய்த கணக்கில் தப்பு எங்கே நடந்தது என்று காட்டுவது போலச் சொன்னாள்.

"நீங்களாச்சும் உங்கப்பாகிட்ட..."

"சொல்லலாம். எங்க அக்காவப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவர்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது. ஆஸ்பத்திரில மாமாவுக்கு ஒடம்பு தேறட்டும். நான் ஜெபம் பண்ணிக்கிறேன்." கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, வார்டின் குளியலறையில் நின்று, அவன் கால் துண்டு மாத்திரையை விழுங்கினான். இனி யாருக்காக என்று வாயில் போட்ட பிறகுதான் யோசித்தான். துப்பிவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் அது கரைந்து கசக்கத் தொடங்கியிருந்தது. குழாயில் கை வைத்துத் தண்ணீர் குடித்தான்.

ஞாயிறு காலை அப்பா தெளிவாக இருந்தார். உடம்பில் செருகியிருந்த குழாய்களில் ஒன்றைக் கழற்றியிருந்தார்கள். எங்கோ ஆராதனை நடக்கும் பாட்டு மெலிதாக வார்டுக்குள் வந்தது.

"மணி இன்னாடா?"

"பதினொண்ணரைப்பா."

"அப்ப இந்நேரம் வாசிச்சிருப்பாங்க." கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "மூணாவது வாட்டியும் ஆயிடுச்சு. எழுப்பி ஒக்கார வை. சபை முடிஞ்சு யாராச்சும் நேரா பஸ் ஏறி வருவாங்க. தலையச் சீவி விடு."

ஆபேல் தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தான். உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு அப்பாவின் தலையில் தடவினான். படுத்தே கிடந்ததில் பின்பக்கம் சிக்கு விழுந்திருந்தது. நரைத்த, முரட்டு முடி. சீப்பு நகர மறுத்தது. இத்தனை வயதில் அப்பாவின் தலையைத் தொட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டு, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தான்.

"மெதுவாடா."

"சரிப்பா."

"தடை ஏதாச்சும் சொல்லியிருப்பானா எவனாச்சும்?" என்றார் அப்பா, வேடிக்கையாக. "உங்கம்மா பேர வாசிச்சப்ப எங்க சித்தப்பன் எழுந்து நின்னுட்டாரு. சபையே ஆடிப்போச்சு. பாத்தா, வெத்தல துப்ப எழுந்திருக்காரு."

ஆபேல் வகிடு எடுக்க ஆரம்பித்தான். சொல்லிவிடலாம். இப்போதே, யாரும் வருவதற்கு முன்பே. வாய்வரை வந்தது. கையின் கீழே அப்பாவின் தலை, குழந்தையின் தலையைப் போல, முழு பாரத்தையும் அவன்மேல் சாய்த்திருந்தது.

"இல்லப்பா," என்றான். "யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

வார்டின் வாசலில் ஜோஸ் வந்து நின்றார். ஆம்பூர் சபையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் வேதாகமம், சட்டை முழுக்க வியர்வை. உள்ளே வராமல் ஆபேலை மட்டும் பார்த்தார். ஆபேல் சீப்பை நிறுத்தினான்.

அப்பா கண்ணைத் திறந்தார். சீவிய தலையும் மலர்ந்த முகமுமாக, "வாங்க மாப்ள," என்றார். "அங்கயே ஏன் நிக்கிறீங்க? வந்து சொல்லுங்க, எப்படி வாசிச்சாங்க?"