சொல்லுக்கு நடுவே ஓர் ஆப்பு

பகலெல்லாம் காய்ந்து களைத்த கதிரவன் மேற்றிசை மாடங்களின் பின்னே மெல்லச் சாய, நெடுந்தெருவின் இரைச்சல் அலையடங்கிய கடலென ஓய்ந்து, அருங்காட்சியகத்தின் உயர்ந்த பலகணிகளில் செவ்வொளி தயங்கி நின்ற மாலைப்பொழுது அது. அக்கட்டடத்தின் பின்கட்டில், கல்தூளும் பழந்தாளும் மணக்கும் பணியறையில், பண்டைப் பாரசீகத் தொல்லியலுக்கே வாழ்நாளை ஈந்த அறிஞர் ஒருவர், சுமையிறக்க இடங்காணா வழிப்போக்கரைப்போல் அமர்ந்திருந்தார். மறுநாள் அவருக்குப் பணி ஓய்வு.

அவர்முன் கிடந்தது உடைந்த கல் ஒன்று. அதில் ஆப்புப்போன்ற கீறல்களால் பொறித்த ஆப்பெழுத்து வரியை முதலில் படித்த அவருடைய அக்காள் கணவர், அஃது உலகறியா அரசன் ஒருவனின் பெயரென்று நூலெழுதிப் புகழ்கொண்டார். அறிஞரோ, அது பெயரன்று, 'நீர்', 'காத்தவன்' என்னும் இரு சொற்கள், வாய்க்கால் காத்த எளியவன் ஒருவனின் கல் என்றார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே சாய்ந்த ஆப்பு ஒன்றைப் பொறிப்பது பண்டைப் பாரசீகர் வழக்கம். அவ்வாப்பு இங்கே எங்கே என்று அவையோர் நகைத்தனர். அன்றுதொட்டு அவருக்குரிய உயர்பணிகள் வாயில்வரை வந்து திரும்பின. அக்காள் வீட்டுப் படியையும் அவர் மிதித்திலர்.

இன்று பிற்பகலில், கல்லின் விரிசலை அடைக்க முன்னாளில் பூசியிருந்த சுண்ணத்தை ஈரப்பஞ்சால் ஒற்றியெடுத்தபோது, வரியின் நடுவே, உறங்கி விழித்த கண்போல் அவ்வாப்பு வெளிப்பட்டது.

நாளை வழியனுப்பும் அவையில் அதைக் காட்டினால் போதும், வாழ்நாள் இழிவெல்லாம் துடைபடும். காட்டவே எண்ணினார். ஆயினும், இப்போது பார்வை மங்கி முதியவராகிவிட்ட அக்காள் கணவர் முன்வரிசையில் அமர்ந்து பிறர் நகைப்பைக் காதால் மட்டும் கேட்பதை நினைத்தபோது நெஞ்சம் ஒப்பவில்லை. இறைவனை ஒருகால் எண்ணி, அக்காளுக்குச் சொல்லியனுப்பினார்.

கணவரைக் கைப்பற்றி வந்த அக்காள், இத்தனை ஆண்டு கழித்துக் கல்லைக் காட்டவா அழைத்தான், கல்நெஞ்சன் என்று தான் நினைத்தது சரிதான் என்று நொடித்தாள். அறிஞர் முதியவரின் விரலை வரியின்மேல் வைத்தார். எழுத்தெழுத்தாய் ஊர்ந்த விரல் நடுவில் நின்றது. பின்வாங்கி, மீண்டும் வந்து, அங்கேயே நின்றது.

"ஆப்பு படிச்சே பேர் வாங்கினவன் நான். கடைசியில எனக்கே ஆப்பு இங்கதான் இருந்திருக்கு, மாப்ளே," என்றார் முதியவர். "நாளைக்குச் சொல்லிடு. கேட்டுக்கிறேன்."

"நான் சொல்லலை, அத்தான். நீங்களே சொல்லுங்க. தன் தப்பைத் தானே திருத்தினவர்னு இருக்கட்டும்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு அசதியா இருக்கு. அக்கா கையால ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்."

மறுநாள் அவையில் முதியவர் எழுந்து, தம் அரசனைத் தாமே அரியணையினின்று இறக்கினார், எவரும் நகைத்திலர். உண்மையை முதலில் கண்டவன் தன் மைத்துனனே என்று அவர் சொன்னபோது, அம்மைத்துனரோ மேடை நாற்காலியில் தலைசாய்த்துக் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பப் போனவரை அக்காள் கையமர்த்தினாள். அன்புடையீர், நல்ல நெஞ்சங்களுக்கு இறைவன் அளிக்கும் கைம்மாறு எப்போதும் மாலையாய் வந்து கழுத்தில் விழுவதில்லை. சிலருக்கு அஃது அயர்ந்த உறக்கமாகவே வருகிறது.