காப்புக் கட்டும் முன்

போன வருசமே போயிருக்கணும். போன் போட்டு ஆபரேஷன் நாளைத் தள்ளுனது நான்தான். வேற யாரும் இல்லை, நானேதான்.

மகள் நீலாயதாட்சியின் முதுகில் சோப்புத் தேய்க்கும்போது சத்தியப்பிரியாவின் மனத்துக்குள் ஓடியது இது ஒன்றுதான். முதுகெலும்பு வலப்பக்கம் வளைந்து, விலா எலும்புகளை வெளியே தள்ளியிருந்தது. ஆறே வயது. தோள் ஏற்றத்தாழ்வு தெரியாதபடி பள்ளிச் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தவளும் அவள்தான். ஊர்க் கண்ணுக்கு மறைத்தாயிற்று. எலும்புக்கு அது தெரியுமா?

"மூச்சு முட்டுதும்மா."

"நிமிந்து நில்லு தங்கம்." சொன்னதும் நாக்குக் கூசியது. நிமிர முடியாத பிள்ளையிடம் இதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்!

அவர்கள் ஊர் நாச்சியாபுரத்தை அடுத்திருந்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரார் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. போன பங்குனியில் ஆபரேஷன் நாள் அதற்குள் விழுந்தது. தள்ளினாள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு நடவு, பிறகு நாத்தனார் கல்யாணம். நாற்பத்திரண்டு டிகிரி வளைவு இப்போது அறுபத்தெட்டு.

"முதுகெலும்போட ரெண்டு கம்பி வைக்கணும். பிள்ளை வளர வளர அதையும் நீட்டணும். இதுக்கு மேல விட்டா நுரையீரலுக்கு இடமே இருக்காதும்மா" என்றார் மதுரை டாக்டர். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இன்று திங்கள். நாளை காப்பு.

மாமனார் மலையாண்டி போனோடு கொல்லைப்பக்கம் வந்தார். பின்னாலேயே அவள் கணவன் முத்தரசு.

"ஆத்தா சத்தியா, டாக்டருகிட்ட ஒரு பதினஞ்சு நாளு தள்ளிக் கேளு."

"அடுத்த நாளு மூணு மாசம் கழிச்சுத்தான் மாமா தருவாக."

"மூணு மாசத்துல மலையா பொரண்டுரும்? சாமி குத்தம் ஆனா, கத்தி வச்ச எடம் ஆறுமா? ஏண்டா, கல்லுப் பிள்ளையாராட்டம் நிக்கிறியே, சொல்லேன்டா!"

"ஊர்க்கூட்டத்துல சட்டம் பேசுறதே அப்பாதான். நாமளே மீறுனா நாலு பேரு கேப்பாக சத்தியா" என்றான் முத்தரசு, துவைகல்லைப் பார்த்துக்கொண்டு.

அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். ஆபரேஷனில் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போகவும் வாய்ப்புண்டு என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். அப்படி ஆனால் ஊரே சாமி குத்தம் என்னும். சாகும்வரை தானும் அப்படித்தான் நினைப்போம் என்பது அவளுக்குத் தெரியும். போகாவிட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு மட்டும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

"போன வருசம் சாமிக்காகத் தள்ளலை மாமா, நாலு பேரு பேச்சுக்குப் பயந்துதான் தள்ளுனேன். கோயில் ஆத்தா அடுத்த வருசமும் இங்கனதான் இருப்பா. வளர்ற எலும்பு யாருக்காகவும் நிக்காது. பிள்ளை வைத்தியத்தைத் தள்ளிப்போடுறதை விடவா பெரிய குத்தம் இருக்கு? அதை ஒருக்காச் செஞ்சுட்டேன்."

மலையாண்டி போனை அவள் முகத்தருகே நீட்டினார். "பேசு ஆத்தா."

மகளின் ஈர முதுகைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மாட்டேன் மாமா."