செவ்வாய்க்கிழமைப் படம்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஒரு வேலையிலிருந்து தப்புவதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். வேலை பெரிதில்லை. நாற்பத்திரண்டு படி இறங்கிப் போய், கீழே ஓட்டோ ஸ்டாண்டில் மூன்று சித்திரக் கொப்பிகளைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை.

"இஞ்சேருங்கோ, இன்னும் போகேல்லையா?" என்று குசினியிலிருந்து நிரோஷா கேட்கிறாள்.

"எழுத ஒரு பந்தி மிச்சம்" என்கிறேன். அப்போது தலைப்பைத் தவிர நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

2

தொடக்கம் எனக்கு லேசில் வராது. வெட்டிப்போட்டவற்றையும் பார்த்துவிடுங்கள், நான் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக.

'கொட்டாஞ்சேனையின் மாலைக் காற்றில் துறைமுகத்தின் உப்பும் கோயில்களின் —' (வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கம்வரை காற்றுத்தான் அடிக்கும்.)

'பூபாலசிங்கம் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். நாள்தோறும் ஒரு படம் கீறுவது என்று அவர் —'

இதை என் தோளுக்குப் பின்னால் நின்று நிரோஷா வாசித்துவிட்டாள்.

"ஆர் இந்தப் பூபாலசிங்கம்?"

"நீர்தான். ஆள் தெரியாமல் இருக்கட்டும் எண்டு."

"அதுக்கு எனக்கு மீசை வைக்கோணுமோ?"

ஆகவே பூபாலசிங்கம் போய்விட்டார். இது என் மனைவி நிரோஷாவின் கதை. ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக் கந்தோரில் வேலை செய்கிறாள். நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். கதையும் எழுதுவேன், பெரும்பாலும் முடிக்கமாட்டேன்.

3

நிரோஷாவுக்குப் படம் கீறத் தெரியாது. அதனால்தான் தொடங்கினாள். வேலையால் வந்தவுடன் போனைத் தூக்கினால் இருட்டும்வரை வைக்கமுடியவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்து, ஒரு திங்கட்கிழமை ஒரு கொப்பி வாங்கி வந்தாள். சட்டம் ஒன்றுதான். அஞ்சரை மணிக்குத் தேத்தண்ணியை ஊற்றி பல்கனிச் சுவரின் மேல் வைக்க வேண்டும். அது ஆறிக் குடிக்கிற பதத்துக்கு வருவதற்குள் கீழே தெரிவதைக் கீற வேண்டும். ஆறியதும் பென்சில் கீழே. மூலையில் திகதி, நேரம். அழிறப்பர் கிடையாது.

எங்கள் பல்கனியிலிருந்து தெரிவது ஓட்டோ ஸ்டாண்டும் ஒரு மதிலும். முதல் மாதம் அவள் கீறிய ஓட்டோக்கள் பாட்டா செருப்பு மாதிரி இருந்தன. இதை நான் வாய்விட்டுச் சொல்லி ஒரு கிழமை சமையல் இல்லாமல் கடைப் பாண் தின்றேன். ஆனால் ஒரு நாளும் விடவில்லை அவள். காய்ச்சலோடும் கீறினாள். கறண்ட் போன நாளில் டோர்ச் பிடித்தது நான். நூறாவது படமளவில் ஓட்டோக்கள் ஓட்டோவாகிவிட்டன. கீழே நிற்பவர்கள் அண்ணாந்து, "அக்கா, இண்டைக்கு எனக்குத் தொப்பையைக் குறைச்சுப் போடுங்க" என்று கத்தத் தொடங்கினார்கள்.

"நான் பாக்கிறதைத்தான் கீறுவன்" என்பாள் இவள்.

(இந்த வசனத்தை மறக்கவேண்டாம். பிறகு தேவைப்படும்.)

4

இருநூற்றிப் பதினொரு நாள் ஓடியது, மூன்றாவது கொப்பியும் தொடங்கியாயிற்று. இருநூற்றிப் பன்னிரண்டாவது நாளைக் குழப்பியவன் நான்.

அது போன செவ்வாய். வெள்ளவத்தையில் ஒரு புத்தக வெளியீடு. என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நிரோஷா கந்தோரால் நேரே அங்கே வந்தாள். நான் நாற்பது நிமிடம் பேசினேன். முன்வரிசையில் இருந்து அவள் மணிக்கூட்டைக் காட்டியதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டேன். பிறகு தோசை, பிறகு பஸ். வீட்டுக்கு வந்தபோது அஞ்சரை எப்போதோ முடிந்துவிட்டது. 

புதன்கிழமை அவள் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றினாள். முதல் கோப்பை ஆறுவதற்குள் ஒரு படம் கீறி, மூலையில் 'செவ்வாய், 5.30' என்று எழுதினாள். இரண்டாவதற்குப் புதன். நாள்தோறும் ஏதாவது செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் களவைச் செய்வார்கள். டயரி எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன். பிழை என்னுடையதல்லவா.

5

இங்கே றொஹான் வரவேண்டும். இவனை எப்படி எழுதுவது என்று எனக்குக் குழப்பம். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள், பச்சை ஓட்டோ, பின்னால் கழுகு ஸ்டிக்கர். எங்கள் காஸ் சிலிண்டரைக் கேட்காமலே மாடிக்குத் தூக்கி வருவான். நல்லவன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் புரூஃபில் 'நல்லவன்' என்ற சொல் வந்தால் நான் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது வழக்கம்.

நடந்தது இது. சந்தியில் அந்தோனியார் சுரூபம் ஒன்று கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. ஸ்டாண்ட்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்தது. முறைபோட்டுப் பூ வைப்பார்கள், லைட் போடுவார்கள். ஸ்டாண்ட் தலைவர் மீரா சாஹிப்பும் தன் முறையைத் தவறவிட்டதில்லை. அந்தக் கூட்டை, அதே செவ்வாய் அஞ்சரைக்கு, ஓர் ஓட்டோ இடித்து உடைத்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. அதுவும் செவ்வாய், அந்தோனியாரின் நாள். உடைத்ததைக்கூட மன்னித்திருப்பார்கள், ஓடியதை மன்னிக்கமாட்டார்கள். பார்த்தவர்கள் சொன்னது: பச்சை நிறம், பின்னால் கழுகு. அஞ்சரை சவாரி நேரம், றொஹான் அப்போது ஸ்டாண்டில் நின்றானா என்று உறுதியாகச் சொல்ல ஒருவருமில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்குக் கூட்டம் என்று மீரா சாஹிப் சொல்லிவிட்டார். செய்தவன் றொஹான் என்று முடிவானால் ஸ்டாண்டில் அவனுக்கு இடமில்லை. இந்த இடத்துக்காக அவன் மூன்று வருசம் காத்திருந்தவன். ஸ்டாண்ட் இல்லாத ஓட்டோவை வைத்துக்கொண்டு கொழும்பில் தெருத்தெருவாகச் சுற்றித்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

வியாழன் பின்னேரம் றொஹான் மாடிக்கு வந்தான்.

"அக்கா, செவ்வாக்கிழம அஞ்சரைக்கு நான் இங்கதானே நிண்டன். எப்பவும்போல. ஒங்க படத்தில இருக்கும். ஒருக்கா காட்டுங்களேன்."

நிரோஷா கொப்பியை விரித்தாள். இருந்தது. மதிலோடு, தன் இடத்தில், கழுகோடு. அவன் போனில் படமெடுத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்பத்திரண்டு படியையும் இறங்கிவிட்டான். கீழே மீரா சாஹிப் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பல்கனியை அண்ணாந்தார்.

"மகள், ஒங்கட படம் போதும். நாயித்துக்கெழம அந்தக் கொப்பிய மட்டும் அனுப்புங்க, எல்லாருக்கும் காட்டோணும்."

ஏழு மாதத்தில் அவள் படம் முதல்முறையாக ஒருவருக்குத் தேவைப்பட்டது. அவள் முகத்தில் சந்தோசம் இல்லை.

"செவ்வாக்கிழமை பின்னேரம் இஞ்ச நல்ல மழையாம்" என்றாள். "படத்தில மதில் முழுக்க உடுப்புக் காயுது. ஒருத்தரும் கவனிக்கேல்லை."

6

இனி நான் முடிவு தேடவேண்டும். மூன்று கைவசம் இருந்தன. வெள்ளியும் சனியும் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அவள் பேசாமல் இருக்கிறாள். றொஹானுக்கு இடம் மிஞ்சுகிறது. எல்லோரும் நலம்.

"பிறகு நான் என்னத்தைக் கீறுறது?" என்று கேட்டாள். அந்த முடிவை வெட்டினேன்.

முடிவு இரண்டு: வெளியூர் ஓட்டோக்காரன் ஒருவன் ஞாயிறு காலை அழுதுகொண்டு வந்து, கூட்டை உடைத்தது தான்தான் என்று —

"இல்லாததைக் கீறாதேங்கோ."

முடிவு மூன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், றொஹான் —

இதை நானே நிறுத்தினேன். "அவன் நல்லவன், நிரோஷா. உமக்கும் தெரியும்."

"நல்லவன் எண்டா அவனுக்குப் பொய்ப்படம் என்னத்துக்கு?"

நான் கதாசிரியன், வசனம் எல்லாம் இவளுக்குத்தான் வருகிறது.

7

நேற்றுப் பின்னேரம் அவள் முடிவெடுத்தாள். செவ்வாய்ப் படத்தின் கீழே பேனையால், 'புதன்கிழமை கீறியது. செவ்வாய் நான் வீட்டில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிறகு மூன்று கொப்பிகளையும் நிலத்தில் பரப்பி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கோடு போட்டு எண்ணினாள்.

"இருநூற்றிப் பதினாறு படம். அந்தப் பொய்ப்படத்தை விடுங்கோ. மிச்சத்தில நூற்றி அறுபத்தேழில றொஹான் அந்த இடத்தில நிக்கிறான். அஞ்சரைக்கு அவன் அங்க நிக்கிறவன் எண்டதை நான் கண்ணால கண்டிருக்கிறன். மூண்டு கொப்பியையும் குடுங்கோ. ஒரு படம் பொய் எண்டும் சொல்லுங்கோ, மிச்சம் உண்மை எண்டும் சொல்லுங்கோ. அவன்ர பக்கம் நான் நேர்மையாச் செய்யக்கூடியது அதுதான்."

"நீரே போய்ச் சொன்னால் என்ன?"

"நாற்பது நிமிசம் பேசினது நானோ?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது. ஒற்றைப் படத்தைக் கேட்டவர்களுக்கு ஏழு மாதப் பழக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள். இதைவிட நல்ல முடிவு எனக்கு வராது. கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். நானும் சிரித்த முகத்தோடு படி இறங்கியிருக்கவேண்டும்.

8

இன்று காலை எட்டு மணிக்குக் கொப்பிகளை எடுத்தேன். சும்மா புரட்டினேன். நிரோஷா ஓட்டோவை எண்ணினாள். நான் புரூஃப் பார்ப்பவன், என் கண் முதலில் மூலையில் இருக்கிற திகதிக்குத்தான் போகும்.

றொஹான் இல்லாத நாட்களில் அவனுடைய இடத்தில் ஒரு மண்ணிற நாய் வந்து படுத்திருக்கும். நிரோஷா அதையும் கீறியிருக்கிறாள். நாய் உள்ள பக்கங்களை மடித்துக்கொண்டே போனேன். செவ்வாய். செவ்வாய். ஒரு வெள்ளி. செவ்வாய். செவ்வாய்.

தொடங்கியதிலிருந்து முப்பத்தொரு செவ்வாய் வந்திருக்கிறது. முப்பதில் அந்த இடத்தில் நாய். றொஹான் நிற்கிற ஒரே செவ்வாய், பொய்ச் செவ்வாய்.

அவன் செவ்வாய்களில் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு யாரையாவது ஏற்றிப் போகலாம். மற்றவர்களுக்குச் சொல்ல விரும்பாத ஓர் இடத்துக்குப் போகலாம். சந்திப்பக்கம் திரும்பியும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "எப்பவும்போல இங்கதானே நிண்டன்" என்று எங்கள் வாசலில் நின்று அவன் சொன்னது உண்மையில்லை. உடைத்தான் என்று அதற்கு அர்த்தமுமில்லை.

(இந்த இடத்தில் நான்கு வசனம் எழுதி வெட்டினேன். நான்கும் அவனுக்காக நான் சொன்ன சாட்டுகள்.)

கொப்பிகளைப் பேசாமல் கொடுத்தால் யாரும் திகதி பார்க்கமாட்டார்கள். மழைநாளில் காயும் உடுப்பைப் பார்க்காதவர்கள் நாயையா பார்க்கப்போகிறார்கள்? நூற்றி அறுபத்தேழு என்ற எண் அவனைக் காப்பாற்றிவிடும். நிரோஷாவிடம் சொன்னால், அவள் நாயையும் சேர்த்துச் சொல்லச் சொல்வாள். அவளை எனக்குத் தெரியும். அதனால்தான் எட்டரையிலிருந்து இங்கே குந்தியிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9

பத்துக்குப் பத்து நிமிடம். கீழே கூட்டத்துக்குக் கதிரை இழுக்கிற சத்தம் கேட்கிறது. பல்கனியால் எட்டிப் பார்த்தேன். றொஹான் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைமுடியைப் படிய வாரி, ஓட்டோவைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறான். என்னைக் கண்டு கை காட்டினான். நானும் காட்டினேன்.

கொப்பிகள் மேசையில் இருக்கின்றன. மடித்த பக்கங்களை நான் இன்னும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்திக் கொடுக்கவா, மடித்தபடியே கொடுக்கவா? எனக்குத் தெரிந்த அவ்வளவும் இப்போது உங்களுக்கும் தெரியும், வாசகரே. என்னைவிட உங்களுக்கு ஒரு வசதி, அவன் உங்களுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கித் தந்ததில்லை.

நிரோஷா வந்து என் முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்திருக்கிறாள். "குடிச்சிட்டாவது போங்கோ" என்கிறாள். ஆவி பறக்கிறது. இந்த வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். இது ஆறுவதற்குள் சொல்லுங்கள்.