நடையில் அளந்த ஒளி

திங்கட்கிழமை அவள் மாற்றலாகி, வங்கியின் வேறு ஊர்க் கிளையில் சேர வேண்டும். நீங்களும் வருவீர்களா என்று கேட்டதற்குக் கணவன், "நண்பன் வந்து நான் அளந்ததைப் பாத்துச் சரின்னு சொல்லட்டும், சேர்ந்தே கெளம்பிடலாம்" என்றிருந்தான்.

கணவன் வீட்டு நடையில் அளப்பது ஒளியின் வேகத்தை. சார்பியல் கொள்கை சொல்வது தவறு, அது எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை என்பது அவன் கட்சி. வாசலருகே லேசர், நடையின் மறுகோடியில், சமையலறை வாசலில் ஓர் உணரி. ஒளி பட்டதும் அதன் சமிக்ஞை கேபிள் வழியாக வாசலுக்குத் திரும்பித் திரையில் கோடாக எழும். கேபிளில் போகும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஒளியின் பயணம். அந்தக் கேபிளைத் தாண்டித் தாண்டித்தான் அவள் வருடக்கணக்கில் சமைக்கிறாள். போன மாதத்திலிருந்து ஒளி, புத்தகத்தில் உள்ளதைவிட வேகமாக வருகிறது.

கருவிகளைச் சரிபார்க்கும் அளவியல் கூடத்தில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் சனிக்கிழமை காலை வந்தான். பழைய பட்டப்பெயரிலேயே கூப்பிட்டான்.

"என்னடா வெளிச்சம், நூறு வருஷப் பௌதிகத்தை நடையில வெச்சே கவுத்துட்டியாமே?"

"சிரிக்காதே. எல்லாரும் ஒளி போய்த் திரும்புற நேரத்தை அளந்து பாதியாக்கிட்டாங்க. போறப்ப ஓடி, வர்றப்ப நடந்திருந்தா?"

"உன்னை மாதிரி. மெஸ்ஸுக்கு ஓடுவே, வகுப்புக்கு நடப்பே."

நண்பன் திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு, கேபிளை விரலால் தடவிக்கொண்டே நடையின் கடைசிவரை போனான்.

"கேபிளோட நேரத்தை எப்ப அளந்தே?"

"ஆரம்பத்துலயே. அது மாறுமா என்ன?"

"இந்த முனை மட்டும் புதுசா மின்னுதே."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நான் வெட்டினேனா?"

"ஆமா. போன மாசம் குளியலறைக் கதவு நசுக்கினப்போ. ஒரு முழம் இருக்கும்."

"அதான்டா. கேபிள் குட்டையாச்சு, நீ பழைய கணக்கையே கழிச்சுட்டு இருக்கே." நண்பன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "ஏன் தங்கச்சி, ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க? சொல்லக் கூடாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ணே."

நண்பன் போன பிறகு கணவன் தரையில் உட்கார்ந்து கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நல்லதாப் போச்சு. இனி முதல்லேருந்து ஒழுங்கா அளக்கணும். நீ போய்ச் சேரு, நான் பின்னாடியே வந்துடறேன்."

"எப்போ?"

"அளந்து முடிச்சதும்."

கோபம் வரும் என்று நின்றாள். வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றினால் தரை தெரியாதே, அப்படி இருந்தது. உள்ளே போய், ஊருக்குக் கட்டியிருந்த பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் மாட்டினாள். ஒரு சட்டையில் பொத்தான் தளர்ந்து தொங்கியது. அதையும் அப்படியே மாட்டினாள்.