ரெமிஜியஸ் வீட்டு வெள்ளித் திரித்தண்டு

1931ஆம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையன்று, ரிச்சர்ட்ஸ் டவுனில் பிரிஜெட் அம்மாளின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளியாகிவிட்டன. அந்த வாரம் ரஸ்ஸல் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மலிந்திருந்தது, முட்டை கிடைக்கவில்லை.

காரணம் அவருடைய கணவர் ரெமிஜியஸ். கண்டோன்மெண்டில் ஒரு ஆபீஸில் ஹெட் கிளார்க். பல வருஷத்துக்கு முன்னால் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கர்னல் ஒருவரின் வீட்டு ஏலத்தில், பிரெஞ்சு மோஸ்தரில் செய்த மெழுகுதிரித் தண்டு இரண்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஐந்து கிளை, அடியில் சிங்கக் கால், உடம்பு முழுக்கத் திராட்சை இலை. செம்பின்மேல் வெள்ளி முலாம். ஏலத்தில் வாங்கியது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கேப்டனாக இருந்த தன் பூட்டன், பாரிஸ் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த சுத்த வெள்ளி என்று சர்ச் வாசலில் நின்று சொன்னார். பூட்டன் உண்மையில் ஒரு பிரெஞ்சுக் கேப்டன் வீட்டில் கோழி உரித்தவர். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் பாதி நம்பினார்கள். ரெமிஜியஸ் முழுக்க நம்பிவிட்டார்.

ஈஸ்டருக்கு முன்னால் பித்தளை, செம்பு எல்லாவற்றையும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பது அந்தத் தெருவின் வழக்கம். இந்தத் தண்டுகளை மட்டும் பிரிஜெட் மெல்லிய துணியால் துடைத்து வைப்பார். அந்த வருஷம் ஈஸ்டர் திங்களன்று மகள் டோரதியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை நோயல் வீட்டார் வருவதாக இருந்தது.

"இதையும் புளி போட்டு நல்லா அழுத்தித் தேய்," என்றார் ரெமிஜியஸ்.

"ஏங்க, முலாம் போயிடுங்க."

"என்ன முலாம்? எங்க பூட்டன் சொத்துடி அது. சுத்த வெள்ளி தேய்ச்சாப் போயிடுமா? உங்கப்பன் வீட்டு அலுமினியச் சட்டின்னு நெனச்சியா?"

பிரிஜெட் தேய்த்தார். வெள்ளி போனது. சாக்கடைக்குப் போகாமல் அவர் கையில் ஏறிக்கொண்டது. தண்டுகள் இரண்டும் பழைய தவலை மாதிரிச் சிவந்து நின்றன. ரெமிஜியஸ் மனைவியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பளபளப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

டோரதிக்கு நோயலைப் பிடித்திருந்தது. இந்தச் சம்பந்தம் தவறினால் அவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்பது தாய்க்குத் தெரியும். அதற்காகத்தான் திங்களன்று, தண்டுகளுக்குப் பதிலாகக் கைகளை நீட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்தார். திரையின் பிளவு வழியாகக் கைகள் மட்டும் மேஜைமேல் நீண்டன. விரலுக்கு ஒரு மெழுகுதிரி. "ஸ்வல்ப விரலை விரிச்சு வை," என்று ரெமிஜியஸ் சரிசெய்தார். டோரதியின் அம்மாவுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறாள் என்று வந்தவர்களிடம் சொன்னார்.

நோயலின் அம்மா மௌரீன், வெள்ளியைப் பார்த்தால் மனுஷரைப் பார்க்காதவர். தண்டுக்கு நகம் இருந்ததும் மோதிரம் இருந்ததும் அவர் கண்ணில் படவில்லை. "பிரெஞ்சுக்காரன் வேலைன்னா வேலைதான். நரம்பெல்லாம்கூட செதுக்கியிருக்கான் பாருடா நோயல்!" என்றார். ரெமிஜியஸ் பூட்டனை ஆரம்பித்தார். கேப்டனாக இருந்த பூட்டன், கேக் வெட்டுவதற்குள் ஜெனரலாகிவிட்டார். வெள்ளியில் சூடு சீக்கிரம் ஏறும். பிரிஜெட்டுக்குத் தோள் வரை கொதித்தது. சம்மதம் என்ற வார்த்தை வரும் வரை அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் மௌரீன் ஒரு விரலைச் சுண்டிப் பார்த்தார். "எங்களுக்குச் சம்மதம் அண்ணே. வேற ஒண்ணும் கேக்கல. இந்த ரெண்டையும் பொண்ணோட அனுப்பிடுங்க."

"தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா! எனக்கு எதுக்கு?" என்றார் ரெமிஜியஸ்.

திரை விலகியது. பிரிஜெட் எல்லாத் திரிகளையும் ஊதி அணைத்தார். பிடுங்கித் தட்டில் போட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, அவரு வாயாலயே குடுத்துட்டாரு. கல்யாணத்தன்னைக்கு எனக்கும் ஒரு ஜட்கா வண்டி சொல்லிடுங்க."

மௌரீனுக்குக் கை என்றாலும் வெள்ளி வெள்ளிதான். ரெமிஜியஸால் மறுக்க முடியவில்லை. அது பூட்டன் சொத்து இல்லை, பெண்டாட்டி கை என்று சொன்னால் பூட்டனும் போய்விடுவார். கொடுத்தது கொடுத்ததுதான் என்று கழுத்தை நிமிர்த்திச் சொன்னார்.

ஜூனில் கல்யாணம் நடந்தது. பிரிஜெட் அம்மாள் சாகும்வரை காக்ஸ் டவுனில் மருமகன் வீட்டில்தான் இருந்தார். முதல் கிறிஸ்துமஸுக்கு மௌரீன் திரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பிரிஜெட் பார்த்த பார்வையில் திரும்பிப் போனார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அந்தக் கையால்தான் பேரன்களைக் குளிப்பாட்டினார், மீன் அலசினார், யுத்த காலத்தில் ரேஷன் வரிசையில் பை பிடித்து நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் கை கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.