கஜரூபனின் வலது கை

மூன்றாம் மாடிப் பால்கனியில் கஜரூபன் ஹம்மரோடு நின்றான். ஹம்மர் என்றால் ஆணி அடிக்கிற சுத்தியல் அல்ல. காற்றழுத்தத்தில் உதறி உதறிக் கொங்கிரீட்டைப் பிளக்கிற, ஆளின் இடுப்புயரம் வருகிற இயந்திரம். பிடித்திருப்பவனின் பல்லும் சேர்ந்து ஆடும். மதிசுதன் அவனுக்குப் பின்னால் குனிந்து, உடைந்த துண்டுகளை வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், ஆட்களைக் கிளப்பிவிட்டு வெறுமையாக்கிய பழைய குடியிருப்பு அது. விடிந்ததிலிருந்து தூறல் விடவில்லை.

ஹம்மரின் சத்தம் திடீரென்று நின்றது. கஜரூபன் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். நாலு விரல்களும் நடுக்கணு வரைக்கும் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன.

"என்னடா, திரும்ப வெள்ளையாப் போச்சோ?"

"குளிர் மச்சான். கொஞ்சத்தில வந்திடும்."

"செப்டம்பரில என்ன குளிர்?"

கஜரூபன் விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டான். படியேறி வந்த தவராசா அண்ணை மூச்சு வாங்க வாசலில் நின்றார். இந்தத் தளத்துக்கு அவர்தான் போலியர், அதாவது மேற்பார்வை. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஃபோன்.

"என்ன, எங்கட குவார்ட்டர்பேக் ஓய்வெடுக்கிறாரோ? மேட்சில நிக்கிற மாதிரி இஞ்சயும் நிண்டால் வேலை முடியாது தம்பி."

"இந்தா துவங்கிறன் அண்ணை."

விதிப்படி ஹம்மரை ஆள் மாறி ஆள் பிடிக்கவேண்டும். ஆனால் கஜரூபன் பிடித்தால் ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு விதியைப் பார்க்கத் தவராசா அண்ணைக்கு என்ன பைத்தியமா? வந்த நாளிலிருந்து ஹம்மர் அவனுடையதாகவே ஆகிவிட்டது.

ஊரே கால்பந்துக்கு உயிரை விடுகிற நகரத்தில், இந்த இரண்டு பேரும் விளையாடப் போனது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஆட்டம். "உதென்ன ரக்பியோ?" என்று கோயில் திருவிழாவில் யாராவது கேட்டால் மதிசுதன் விளக்கப்படுத்தி அலுத்து, "ஓம், அப்பிடித்தான்" என்று விட்டுவிடுவான். கஜரூபன் குவார்ட்டர்பேக். ஆட்டத்தின் மூளையும் வலது கையும் அவன்தான். மதிசுதன் சென்டர். குனிந்து நின்று, தன் கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னால் நிற்கும் கஜரூபனின் கையில் கொடுப்பது அவன் வேலை. கொடுத்த மறுகணம் எதிராளிகள் அவன்மேல் வந்து விழுவார்கள். யாரும் அவன் பெயரைக் கூவியதில்லை. அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

கஜரூபனின் பெயரைத்தான் கூவினார்கள். பத்தொன்பது வயதில் அவன் எறிந்த பந்தைப் பார்த்துக் கழகத் தலைவர் வேலி பாய்ந்து ஓடி வந்து கட்டிப்பிடித்தார். கழகத் தலைவரேதான் இந்த இடிப்பு நிறுவனத்தின் முதலாளியும். எல்லாரும் அவரை 'செஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அணிச் சட்டையின் நெஞ்சில் அவருடைய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அப்போது கஜரூபன் மின்சார வேலைக்கு ஓஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தான். பாதிப் படிப்பு முடிந்திருந்தது. மாலைப் பயிற்சிக்கு நேரம் ஒத்துவரவில்லை. "உனக்கு எதுக்கு ஓஸ்பில்டுங்? உயிருள்ளவரை என்னிடம் வேலை இருக்கு" என்றார் செஃப். தகப்பன் தலைதலையாக அடித்துக்கொண்டார். பையன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று கோப்பைகள். அலுவலக வாசலில் கஜரூபன் பந்தெறிகிற படம் இன்னும் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது.

இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது. இந்த ஆட்டப் பருவத்தில் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றது, அதுவும் மற்ற அணிக்கு ஆள் போதாமல். அவனை உட்காரவை, இளைய குவார்ட்டர்பேக்கை இறக்கு என்று கழகத்தில் பாதிப் பேர் கத்தினார்கள். பயிற்சியாளர் கிறிஸ்தோப்பரும் அந்தப் பக்கம்தான். செஃப்தான் விடவில்லை. "அவன் நின்றால்தான் கூட்டம் வரும்" என்பார்.

பந்து கையிலிருந்து நழுவும் ஒவ்வொரு முறையும் மதிசுதன் திரும்பி, "என்ர பிழை, நான் சரியாக் குடுக்கேல்லை" என்று உரக்கச் சொன்னான். அது பச்சைப் பொய். பருவத்தின் தொடக்கத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பந்தைக் கொடுக்கும்போது பின்னால் தொடும் அந்தக் கை முன்பெல்லாம் சட்டென்று மூடிக்கொள்ளும். இப்போது பந்து வந்துவிட்டதா என்று அது யோசித்தது. மதிசுதன் யாருக்கும் சொல்லாமல் கொடுக்கும் விதத்தை மாற்றினான். வேகத்தைக் குறைத்து, பந்தைத் திருப்பி, இடது உள்ளங்கைக்குள் அழுத்திவிட்டான். அந்த அரை விநாடியில் எதிராளிகள் உள்ளே புகுந்தார்கள். தோற்றார்கள். கூட்டாளியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். தூறல் அன்றும் விடவில்லை. இரண்டாவது கால்பகுதியில் கஜரூபன் பந்தை எறியும்போது ஒருவன் மேலே பாய்ந்தான். அவனுடைய தலைக்கவசக் கம்பியில் கஜரூபனின் கை உரசியது. பந்து வெளியே போனது. எல்லோரும் திரும்ப வரிசையில் நின்றார்கள். மதிசுதன் குனிந்தான், கஜரூபனின் கை பின்னால் வந்து பட்டது, நடுவர் ஊதினார்.

"நில். உனக்கு இரத்தம் வருகிறது."

நடுவர் மதிசுதனைத்தான் காட்டினார். அவனுடைய வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் சிவப்பாய் ஊறியிருந்தது. பந்திலும் சிவப்புக் கோடுகள். மதிசுதன் பதறிப்போய்த் தொடையையும் இடுப்பையும் தடவிப் பார்த்தான். எங்கும் காயமில்லை. அணியிலுள்ள ஒவ்வொருவரும் தங்கள் கையையும் முழங்காலையும் பார்த்தார்கள். கஜரூபனும் குனிந்து குனிந்து மற்றவர்களைப் பார்த்தான்.

"ஆருக்கடா காயம்?" என்று அவன்தான் கேட்டான்.

மதிசுதன் அவனுடைய கையைப் பார்த்தான். சுட்டுவிரலில் நகம் இல்லை. நகம் இருந்த இடத்திலிருந்து இரத்தம் மணிக்கட்டைத் தாண்டி ஓடி, முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் கஜரூபன் தன் காற்சட்டையில் சாவகாசமாகத் துடைத்துக்கொண்டு நின்றான்.

மதிசுதன் அவனருகே போனான். விரலைச் சுட்டிக் காட்டினான். கஜரூபன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவனுடைய முகம் வெளிறியது அதற்குப் பிறகுதான்.

உடை மாற்றும் அறையில் மதிசுதன் அந்த விரலைக் கழுவித் துணி சுற்றினான்.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கையே இல்லாத மாதிரிக் கிடக்கு மச்சான். கனகாலமா. பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டேலாது. மனிசிதான் எனக்கும் பூட்டி விடுறவள்."

துணி சுற்றிக்கொண்டிருந்த மதிசுதனின் கை நின்றது. ஒன்றாக வேலைக்குப் போய், ஒன்றாக விளையாடி, பந்து நழுவுவது வயதால்தான் என்று நினைத்திருந்தானே!

"உது ஹம்மர் செய்த வேலையடா! டொக்டரிட்ட போ, நாளைக்கே."

"போனால் என்ன எழுதுவான் தெரியுமோ? ஹம்மர் தொடக்கூடாது எண்டு எழுதுவான். அதைக் கொண்டுபோய் செஃப்பிட்டக் குடுத்தால், 'சரி, வீட்ட போ' எண்டுவார். ஓஸ்பில்டுங் முடிக்காதவன் நான். முப்பத்தொன்பது வயசில ஆர் எனக்கு வேலை தருவான்?"

"செஃப் அப்பிடிச் செய்யமாட்டார். உன்னை எவ்வளவு தலையில வைச்சுக் கொண்டாடுறவர்."

"அது நான் விளையாடுற மட்டுக்கும். நீ ஒண்டும் கதைக்காதை. சொல்லிப்போட்டன்."

மதிசுதன் கேட்கவில்லை. துணியைச் சுற்றி முடித்து நேரே வெளியே போனான். செஃப் சாப்பாட்டுக் கடை ஓரத்தில் குடையின் கீழ் நின்று பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். மதிசுதன் ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் கொட்டினான். விரல்கள் செத்துவிட்டன, ஹம்மர்தான் காரணம், நகம் பிய்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

செஃப் தின்பதை நிறுத்தினார். கையை வாயில் வைத்தார். கண்கள்கூடக் கலங்கின.

"கடவுளே," என்றார். "ஏன் இதை முதலே சொல்லவில்லை? நீ நல்ல நண்பன், மதி. நான் பார்த்துக்கொள்கிறேன்."

தோளில் தட்டினார். மதிசுதனுக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கியது. செஃப் நேராகப் பயிற்சியாளர் கிறிஸ்தோப்பரிடம் போய்க் காதுக்குள் பேசினார். கிறிஸ்தோப்பர் தலையாட்டினார். அத்தனை மாதமாகக் கழகமே சண்டை போட்ட விஷயம் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது. கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்த கஜரூபனை மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். இளையவன் இறங்கினான். மதிசுதன் பந்தை வேகமாக, பழையபடி, நேராகக் கொடுத்தான். அது கொடுத்த இடத்திலேயே சிக்கென்று பிடிபட்டது. அவர்கள் வென்றார்கள்.

கடைசி ஊதலுக்குப் பிறகு எல்லோரும் ஓடி வந்து இளையவனைத் தூக்கினார்கள். மதிசுதன் வாங்கைப் பார்த்தான். கஜரூபன் கைதட்டிக்கொண்டுதான் இருந்தான். இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"சொல்லிப்போட்டாய் என்ன."

"உன்ர கைக்காகத்தான் மச்சான். இனி ஹம்மரைத் தரமாட்டினம். பார்."

திங்கட்கிழமை காலை மதிசுதன் வழமையைவிட முந்தியே வேலைத்தளத்துக்கு வந்துவிட்டான். கஜரூபனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று அவனே மனதுக்குள் ஒழுங்குபடுத்தியிருந்தான். லொறியில் ஏற்றுகிற ஆட்களைப் பார்த்துக்கொள்ளலாம், கதவு ஜன்னல்களைக் கழற்றலாம், தூசி அடங்கத் தண்ணீர் அடிக்கலாம். எதுவும் வராவிட்டால் தள்ளுவண்டியை அவனிடம் கொடுத்துவிட்டுத் தானே ஹம்மரைப் பிடிக்கலாம் என்றும் நினைத்திருந்தான்.

தவராசா அண்ணை படியேறி வந்தார். ஹம்மரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து கஜரூபனின் காலடியில் நிறுத்தினார்.

"இண்டைக்கு நாலாம் மாடி முழுக்க முடிக்கவேணும் தம்பி. பிறகு சனிக்கிழமையும் வா. மேட்ச், ட்ரெய்னிங் ஒண்டும் இல்லைத்தானே இனி. செஃப் சொன்னவர்."

தான் கேட்டது சரிதானா என்று மதிசுதன் கஜரூபனைப் பார்த்தான். அவன் ஹம்மரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, அவனுக்குக் கை ஏலாது. செஃப்பிட்ட நான் எல்லாம் சொன்னனான். ஹம்மராலதான் வந்ததெண்டும் சொன்னனான்!"

"ஓம், செஃப் எனக்கும் சொன்னவர். அவருக்குச் சரியான கவலை. அதாலதானே விளையாட்டிலயிருந்து நிப்பாட்டினவர்." தவராசா அண்ணை குரலைத் தாழ்த்தினார். "பந்து பிடிக்க விரலில உணர்ச்சி வேணுமாம். ஹம்மருக்கு உது தேவையில்லையாம். பிடிச்சால் காணும்."

"அப்ப நான் பிடிக்கிறன். அவன் வண்டில் தள்ளட்டும்."

"நீ பிடிச்சால் எப்ப முடியும்? அடுத்த கிழமை லொறி வருது." அவர் கஜரூபனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தம்பி, இப்ப நீ முந்தின மாதிரி இல்லை. ஏலாதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லு. செஃப் ஆள் பாத்துக்கொள்ளுவார்."

தவராசா அண்ணை கீழே இறங்கிப் போனார். அவருக்கும் கால் கனத்ததோ என்னவோ, ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினார்.

இந்த இருபது வருடமாகக் கஜரூபனை இங்கே ஒருவரும் தொடாமல் காத்தது அந்த ஆளுயரப் படம்தான். இதுவரை செஃப் அவனை அனுப்பாததற்கும் அதுதான் காரணம். அந்தப் பாதுகாப்பை மதிசுதன் தன் வாயாலேயே பிடுங்கிக் கொடுத்துவிட்டான். காப்பாற்றப் போய்க் கழுத்தை நீட்டிக் கொடுத்த கதைதான்.

"மச்சான்... நான்..."

"விடு." கஜரூபன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மதிசுதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஹம்மரின் பிடியில் வலது கையை வைத்துப் பார்த்தான். கட்டுப்போட்ட விரல் வளையவில்லை. மற்ற விரல்களும் பாதியில் நின்றன. விசை அழுந்த மறுத்தது. அவன் கையை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தான்.

"பைக்குள்ள டேப் கிடக்கோ?"

கணுக்காலில் சுற்றிக்கொள்வதற்காக மதிசுதன் எப்போதும் வைத்திருக்கும் கழகத்து டேப். அவன் தலையை இல்லை என்று ஆட்டினான். இல்லையென்றல்ல, மாட்டேன் என்று. கஜரூபன் அவனுடைய பையைத் தானே திறந்தான். ஜிப் பிடிபடவில்லை. பல்லால் இழுத்தான்.

"பூட்டி விடு மச்சான். நான் ஒற்றைக் கையால சுத்தேலாது."

இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கைகளை விரித்து நீட்டினான். பந்து வாங்க நிற்பது அப்படித்தான். மதிசுதன் அந்த வலது கையை எடுத்து ஹம்மரின் பிடியில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடித்தான். அவை சில்லென்று கிடந்தன, மடித்த பக்கம் மடிந்தன. டேப்பை விசையோடு சேர்த்துச் சுற்றினான். அவனுடைய கண்ணீர் அந்தக் கையின்மேல் விழுந்தது. கஜரூபனுக்கு அது தெரியவில்லை.

"இறுக்கமா இருக்கோ?" என்று மதிசுதன் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீதான் பாத்துச் சொல்லவேணும்."

ஹம்மர் ஒருமுறை இருமியது. பிறகு சுவர் அதிரத் தொடங்கியது.